கட்டம் சேராத கை

மருத்துவமனைக் கோப்பு அறையில் அவருக்குக் 'கோட்டு' என்று பெயர். பதினெட்டு வருஷமாக நிலவறையில், யார் கண்ணிலும் படாத நாற்காலியில், தினமும் கோட்டு போட்டு உட்கார்ந்திருப்பவர்.

"நோயாளி வர்றது மேல. இங்க யாருக்குங்க இந்த மரியாதை, கோப்புக்கா?" என்பார் பக்கத்து மேஜைக்காரர்.

"கோப்புக்குள்ள இருக்கறதும் மனுஷன்தானே."

மேலே வரவேற்பு மேஜைக்கு ஆள் எடுக்கிறார்கள். இரண்டு முறை மனுப் போட்டுப் பார்த்தார். இரண்டு முறையும் 'உங்களுக்குக் கீழேதான் சரி' என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது நேர்முகம் திங்கள் காலை பத்து மணிக்கு. அதற்கென்றே கட்டம் போட்ட துணியில் ஒரு கோட்டு தைக்கக் கொடுத்திருந்தார்.

ஞாயிறு காலை தையல்கடையில் போட்டுப் பார்த்தார். பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் வழக்கம்போல ஸ்டூலில் இருந்தார். உடுப்பு விஷயத்தில் அவருக்கும் 'கோட்டு'க்கும் வாரம் தவறாமல் வாய்ச்சண்டை. கோட்டின் கடைசிப் பொத்தானைப் போடுகிறவனோடு கண்ணாடிக் கடைக்காரர் பேசவே மாட்டார். தோளில் கட்டம் சேராத கோட்டு அவருக்குக் கோட்டே இல்லை. நம் 'கோட்டு'க்கோ சட்டைக் கைதான் எல்லாம்; கோட்டுக் கைக்கு வெளியே மணிக்கட்டில் அது அரை அங்குலம் தெரிய வேண்டும்.

தெரியவில்லை. கோட்டுக் கை கட்டைவிரல் அடி வரைக்கும் இறங்கிக் கிடந்தது.

"அண்ணன்கிட்ட கடன் வாங்கிப் போட்ட மாதிரி இருக்கே" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"மாஸ்டர், கீழ ஒரு அங்குலம் மடிச்சிடுங்க."

"எப்படி சார் மடிக்க? கை நுனியில பொத்தான் போட நிஜக் காஜாதான் வேணும், உடனே வெட்டுங்கன்னு ஒத்தக் கால்ல நின்னீங்க. அளவு பார்த்துட்டு வெட்டலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இப்ப மடிச்சா கடைசிக் காஜா நுனியில போய் நிக்கும்."

கோட்டுக்கு முகம் சுருங்கிவிட்டது. துணியை வெட்டாமல் பெயருக்குத் தைத்து வைக்கும் பொய்க் காஜாவை ஊரெல்லாம் கிண்டல் செய்தவர் அவர்.

"தோள்ல ஏத்தலாம்" என்றார் தையல்காரர். "கையைக் கழட்டி, மேல வெட்டி, திரும்ப மாட்டணும். ஆனா மார்புக் கட்டமும் கைக் கட்டமும் சேராது. ரெண்டு நாள் ஆகும்."

"அய்யோ, அதுக்கு வெறும் சட்டையோட போகலாம்" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "பழைய நீலக் கோட்டையே போட்டுக்கோங்களேன்."

"அதைத்தான் ரெண்டு தடவை பார்த்து வேண்டாம்னுட்டாங்க."

கோட்டைக் கழற்றி மேஜையில் விரித்தார். தையல்காரரின் ஊசிப்பெட்டியிலிருந்து நூல் பிரிக்கும் கத்தியை எடுத்தார்.

"பிரிக்கறது நான். தைக்கறது நீங்க. சாயங்காலத்துக்குள்ள முடியும்."

"துணி கிழியும் சார்."

"பதினெட்டு வருஷமா கோப்பு நூல் பிரிக்கறேன் மாஸ்டர். ஒரு தாள் கிழிஞ்சதில்ல."

"கட்டம்?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர், யாரோ போய்ச் சேர்ந்துவிட்ட குரலில்.

"சேராமப் போகட்டும். மேஜைக்கு அந்தப் பக்கம் நிக்கறவங்க என் கையைத்தான் பார்ப்பாங்க. சீட்டு நீட்டறது, வழி காட்டறது எல்லாம் கைதானே."

கண்ணாடிக் கடைக்காரர் ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தார். ஆனால் எழுந்து போகவில்லை. தையல்காரர் இயந்திரத்தில் நூல் மாற்றினார்.

மறுநாள் நேர்முக அறையில் மூன்று பேர். நடுவில் கண்காணிப்பாளர் அம்மா. அவர் பார்வை நேராகத் தோளுக்குப் போயிற்று.

"கட்டம் சேரலையே?"

"தெரியும் மேடம். கையா கட்டமான்னு வந்தது. கையைச் சரி பண்ணினேன்."

"முன்னாடியே அளவு பார்த்திருக்கலாமே."

"பார்த்திருக்கலாம். அவசரப்பட்டது என் தப்பு. தையல்காரர் சொன்னார், நான் கேட்கல."

அந்த அம்மா ஏதோ எழுதினார். பக்கத்திலிருந்தவர் காகிதத்தைப் புரட்டினார்.

"மூணாவது தடவை வர்றீங்க. இந்தத் தடவையும் இல்லேன்னா?"

கோட்டு இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தார். சட்டைக் கை அரை அங்குலம் தெரிந்தது.

"நாலாவது தடவை வருவேன் சார்."