அப்பாவின் மீசையும் மலையாளத்து ஆசானும்

எங்கள் ஊரில் கம்பு சுற்றத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கம்பைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். என் அப்பா இரண்டாவது வகை. சிலம்பக் கம்பை அவர் கையால் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

பெரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் சிலம்பக் குழுவுக்கு இருந்த வாத்தியார் கோபித்துக்கொண்டு மார்க்கையன்கோட்டைக்குப் போய்விட்டார். சித்திரைத் திருவிழாவில் எங்களோடு மோதுகிறவர்களே அந்த ஊர்க்காரர்கள்தான். ஊர்ப் பொதுவில் நெல் அளந்து புது வாத்தியார் வைப்பதென்று முடிவாயிற்று. யாரை வைப்பது என்பதில்தான் சண்டை. களத்துமேட்டில் நெல் தூற்றுவதை நிறுத்திவிட்டு வாதாடினார்கள். நல்ல காற்றெல்லாம் வீணாகப் போனது. கோம்பை வாத்தியாரின் அடி இடி மாதிரி விழும், ஆனால் அவர் கோபத்துக்கு அவர் வளர்க்கிற நாய்களே பயப்படும் என்றார்கள். கடமலைக்குண்டுக்காரர் காலடி வைக்கிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கள் உள்ளே போனபின் அந்தக் கால் எங்கே போகும் என்பதுதான் தெரியாது.

பெரியப்பா கோம்பைக் கட்சி. அப்பாவுக்கு இரண்டும் பிடிக்கவில்லை.

"மலைக்கு அங்கிட்டு ஆள் அனுப்புவோம். மலையாளத்து ஆசான் வந்து நின்னா மார்க்கையன்கோட்டைக்காரன் கம்பைப் போட்டுட்டு ஓடுவான்."

"ஏலே, உன் ஆசான் மொதல்ல களத்துல எறங்கட்டும்" என்று பெரியப்பா சிரித்தார்.

"எறங்கலைன்னா மீசைய எடுத்துர்றேன்."

அந்தப் பந்தயத்துக்காகவே ஆள் அனுப்ப ஊர் ஒத்துக்கொண்டது. அப்பாவின் மீசை சுற்று வட்டாரம் அறிந்த மீசை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருப்பிள்ளைகளிடமெல்லாம் ஆசானைப் பற்றி நானே பார்த்ததுபோல அளந்துவிட்டேன்.

ஆசானை அழைத்துவரப் போனவர் என் தாய்மாமா. அணை வேலையில் கொஞ்ச நாள் மண் சுமந்தவர். மலையாளம் தனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்பது அவரே சொல்லிக்கொண்டது.

ஆசான் வந்த அன்று ஊரே எங்கள் வாசலில் நின்றது. ஓலைக்குடையோடு ஒல்லியான ஒரு மனிதர். கம்பு ஒன்றும் கொண்டுவரவில்லை. "வர்மம் தெரிஞ்ச ஒடம்பு இப்பிடித்தான் இருக்கும்" என்று அப்பா அடித்துச் சொன்னார். கூட்டமும் நம்பியது. ஆசான் எல்லோரையும் கும்பிட்டுவிட்டு, "குட்டிகள் எவிடே?" என்று கேட்டார்.

மாமா உடனே விளக்கினார். "கறிச்சோறு வேணுமாம். ஆட்டுக்குட்டி எங்கன்னு கேக்காக."

அப்பா ஓடிப்போய், நான் ஆசையாக வளர்த்த குட்டியைத் தூக்கிவந்து நிறுத்தினார். நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஆசான் குட்டியின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு மறுபடியும் அதையே கேட்டார்.

பெரியப்பா மலைக்கு அந்தப்பக்கம் ஏலமலையில் பல வருஷம் இருந்தவர். ஆசானிடம் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "குட்டின்னா அவுக பேச்சுல பிள்ளைகடா! பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்குடுக்க வந்திருக்காக. எழுத்தாசானக் கூட்டியாந்திருக்கான் உன் மச்சினன்!"

"நான் ஆசான் வேணும்னுதானே கேட்டேன்" என்றார் மாமா பரிதாபமாக. மலைக்கு அந்தப்பக்கம் அடி சொல்லித்தருகிறவரும் ஆசான், எழுத்துச் சொல்லித்தருகிறவரும் ஆசான்.

ஊர் சிரித்த சிரிப்பில் மாட்டுக்கொட்டில் அதிர்ந்தது. வரவேற்கிறார்கள் என்று நினைத்து ஆசானும் கூடச் சிரித்தார். அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அவமானத்தில் நான் குட்டியின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

நாங்கள் தேடியது கம்பு வாத்தியாரை என்று பெரியப்பா அவரிடம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. ஆசானின் சிரிப்பு நின்றது. குடையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து குந்தினார். என் விரலைப் பிடித்து வாசல் மண்ணில் ஒரு சுழியும் வளைவுமாக ஏதோ இழுத்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வந்த வழியே நடந்தார்.

"ஆத்தாடி, மலையாளத்து மந்திரம்! வயித்தெரிச்சல்ல எதையோ வச்சுட்டுப் போறாக" என்று அம்மா சாணித் தண்ணீரைக் கொண்டுவந்து அதன்மேல் ஊற்றினாள். நானும் விரலைக் கழுவிக்கொண்டேன்.

அன்றைக்கே அப்பாவின் மீசை போயிற்று. திருவிழாவுக்குக் கோம்பை வாத்தியார்தான் வந்தார், தோற்றுத்தான் திரும்பினோம். மீசையில்லாத அப்பாவோடு நடக்க வெட்கப்பட்டு, நான் அம்மாவின் முந்தானைக்குள்ளேயே திரிந்தேன். அந்த வெட்கம் மீசை முளைத்ததும் போய்விட்டது.

இன்னொரு வெட்கம் வரப் பல வருஷம் ஆயிற்று. என் மகன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, பலகையில் முதன்முதலாக 'அ' எழுதிக்கொண்டு ஓடிவந்தான். அதே சுழி, அதே வளைவு. மந்திரம் என்று அன்று கழுவிக்கொண்ட என் விரல் கூசியது. கம்பு வாத்தியாருக்காக அத்தனை நாள் மல்லுக்கட்டிய ஊரில், வந்தவர் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் மலையேறி வந்தது எங்கள் அப்பாவுக்காகவோ ஊருக்காகவோ இல்லை, என்னைப்போன்ற குட்டிகளுக்காக என்பது அன்றைக்கு எனக்கும் தெரியவில்லை.