ஒரே ஒரு காலியிடம்

வேதாரண்யம் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் முதலாண்டு படித்தேன். ஊர் பிடிக்காததால் தஞ்சாவூர்க் கல்லூரிக்கு மாற்றல் கேட்டேன். அங்கே இயற்பியலில் ஒரே இடம்தான் காலி. அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு என்று பொய்ச் சான்றிதழ் வைத்தேன். இடம் எனக்கே கிடைத்தது.

அலுவலக வாசலில் வகுப்புத் தோழி செல்வி நின்றாள். அவளும் அதே இடத்தைக் கேட்டிருந்தாள். அவளுடைய அப்பா தஞ்சாவூரில் பக்கவாதத்தில் படுத்திருந்தார், அது பொய்யில்லை.

என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லடி, எங்கப்பாவ எப்படியாவது பாத்துக்குறேன். நீ அம்மாவ நல்லாப் பாத்துக்க," என்றாள்.

அப்போதே உள்ளே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினேன். அடுத்த மாதமே அவள் படிப்பை விட்டுவிட்டாள்.

இப்போது நான் தஞ்சாவூரில் ஆசிரியை. அவள் பேராவூரணியில் இருக்கிறாள். பேருந்தில் இரண்டு மணி நேரம்தான். இன்னும் போகத் துணிவு வரவில்லை.