நெல்லுக்கு அடித்த காற்று

லொறியை ஓட்டியது நான். பின்பெட்டியில் மெத்தை விரித்து அதில் என் மனைவி. வயிற்றில் ஒப்பரேசன் செய்து, அன்று காலைதான் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டிருந்தார்கள். தலைமாட்டில் அவளுடைய அக்கா, என் மச்சாள், வெற்றிலைப் பையோடு. கால்மாட்டில் அவளுடைய தம்பி. வேறு ஆளில்லை.

உன்னிச்சைக்கு, எங்கள் வீட்டுக்குப் போகவேண்டும். மழை விட்டிருந்தது. ஆனாலும் வழியில் ஓரிடத்தில் றோட்டுக்கு மேலால் தண்ணீர் ஓடியது. ஓட்டோக்காரர்கள் மாட்டோம் என்றுவிட்டார்கள். என் லொறி போகும். ஈர வயல் வட்டைக்குள் இறங்கி நெல் ஏற்ற, அதற்கு உரிய அளவை விடப் பெரிய டயர் நாலு போட்டிருந்தேன்.

ஆனால் உள்ளே இருந்தது நெல்லுக்கு அடித்த காற்று. டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் அறுபத்தைந்து. அது பாரத்துக்குச் சரி. வெறும் லொறிக்குக் கல்லு.

பட்டணத்தை விட்டு வாவிப் பாலம் வரை பள்ளங்கள். அவள் கத்தவில்லை. மூச்சை மட்டும் இழுத்தாள். அது முன்னால் எனக்குக் கேட்டது. தையல் பிரிந்தால் என்ன செய்வது? பாலம் முடிந்ததும் நிறுத்தினேன்.

வாவி முழுக்கப் பனிப்புகார். ஒரு தோணி நின்றது. தண்ணீரில் நின்றதா புகாரில் நின்றதா, தெரியவில்லை. அதில் இருந்தவர் வலையை இழுத்தார், இழுத்தார். வலை முடியவேயில்லை.

ஒரு குச்சியால் பின் டயரின் காற்றைத் திறந்தேன். தம்பி குதித்து இறங்கினான்.

“என்ன மச்சான் செய்றீங்க? டயரில அறுபத்தஞ்சு எண்டெல்லோ எழுதிக் கிடக்கு!”

“அது நெல்லுக்கு. இது உன்ட அக்கா.”

“நெல்லு மூட்டையை விட அக்கா பாரம்.”

“நான் படுத்துத்தான் கிடக்கிறன், செவிடில்ல,” என்றாள் மனைவி. சிரிக்கப் பார்த்து, வயிற்றைப் பிடித்தாள்.

காற்று அளக்கும் மீட்டர் வீட்டில். மச்சாளிடம் சுண்ணாம்பு கேட்டேன்.

“மறுகா நான் வெத்திலைக்கு என்னத்தப் போடுற? டயருக்கும் வெத்திலை குடுக்கப் போறீங்களா?” என்று சொல்லிக்கொண்டே டப்பியைத் தந்தாள்.

டயரைத் துவாயால் துடைத்து, தரையில் படும் இடத்தில் கரைக்குக் கரை ஒரு கோடு இழுத்தேன். காய்ந்த தாரில் லொறியை மெல்ல உருட்டினேன். கோடு நடுவில் மட்டும் அழிந்தால் காற்று கூடுதல். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. குறைந்தால் தண்ணீருக்குள் டயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடும். அவளோடு நடுவழியில் நிற்கவேண்டியதுதான்.

நடுவில் அழிந்திருந்தது. திறந்தேன். உருட்டினேன். இன்னும் நடுவில்தான். பாலத்தடியில் ஒரு சின்ன மேடு. அதில் ஏற்றி இறக்கி மனைவியிடம் கேட்டேன்.

“எப்படி?”

“இன்னும் கொஞ்சம்.”

திறந்தேன். காற்று சீறியது, பிறகு மூச்சு விட்டது போல இருந்தது. புதிதாகக் கோடு இழுத்து மறுபடி ஏற்றி இறக்கினேன்.

“காணும், இப்ப குலுங்கல்ல,” என்றாள்.

இறங்கிப் பார்த்தேன். சுண்ணாம்பு கரைக்குக் கரை அழிந்திருந்தது. மற்ற டயர்களையும் அப்படியே செய்தேன்.

பிறகு பள்ளம் வந்தது, குலுக்கம் தெரியவில்லை. வயல் வந்தது, அதுவும் தண்ணீர். கொக்குகள் எழும்பாமல் நின்றன. றோட்டு மறைந்த இடத்தில் மெல்ல இறங்கினேன். என்ஜின் சத்தம் தூரத்தில் யாரோ பேசுவது போலக் கேட்டது. எங்கும் வானம். எதன் மேல் போகிறோம் என்றே தெரியவில்லை.

“தோணியிலயா போறம்?” நித்திரையில் கேட்டாள்.

“ஓம் புள்ள, தோணிதான். படு,” என்றாள் அக்கா.

டயர் கழலவில்லை. கரை ஏறினோம்.

வீட்டில் மெத்தையோடு தூக்கி இறக்கினோம். மச்சாள் சீலையை விலக்கிப் பார்த்தாள். தையல் காய்ந்தபடி இருந்தது. ஒரு நூல் அசையவில்லை. தம்பி கேட்காமலே மீட்டரை எடுத்துவந்து பின் டயரில் வைத்தான்.

“எவ்வளவாம்? நினைவில வெச்சிருங்க, கிளினிக்குக்குப் போகவும் அதுதான் வேணும்,” என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல்.

மீட்டரைப் பார்த்தேன்.

இருபத்தெட்டு.