டஜனுக்கு ஒன்று குறைவாக

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்படிச் சொன்னால்தான் வரும்.

1. அக்காவுக்கு ஏழாம் மாத வளைகாப்பை மேலூரில் அவள் புகுந்த வீட்டிலேயே வைப்பது என்று முடிவானது.

2. அதே வாரம் அலுவலகத்தில் என் மேசைக்கு ‘டஜன்’ என்ற சொல் பல மொழிகளில் வந்து சேர்ந்தது.

3. வளையல் வாங்கும் பொறுப்பை அம்மா என்னிடம் கொடுத்தார்.

4. நான் இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி வந்தேன்.

5. அக்காவின் மாமியார் போன் செய்து, இரண்டு கையிலும் சேர்த்து மொத்தம் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்றார்.

6. போனை வைத்த அம்மா, எங்கள் முறைப்படி ஒவ்வொரு கையிலும் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்றார்.

7. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கவே முடியாது என்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். வளைகாப்பு முடிந்த கையோடு அக்காவைத் திருநகரில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும் என்று அம்மா காத்திருந்தார். அக்காவும்தான். புகுந்த வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஏழு மாத வயிற்றோடு, நினைத்த நேரத்தில் நினைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, யார் வந்தாலும் எழுந்திருக்காமல் காலை நீட்டிப் படுத்துக்கிடக்க அம்மா வீடுதானே தோது. அவள் மாமியாருக்கோ, அதாவது அத்தைக்கோ, அவளை அனுப்ப மனமில்லை. அக்கா போய்விட்டால் அந்த வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணை கிடையாது. அத்தானும் மாமாவும் டிவியோடு சரி. அதை அப்படியே வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வரவில்லை. “முறையா செஞ்சு கூட்டிட்டுப் போங்க மதினி. முறையில குறை வந்துச்சுன்னா பிள்ள இங்கயே இருக்கட்டும், ஒம்பதாம் மாசம் பாத்துக்கலாம்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

ஆக, அக்கா வருவதும் வராததும் வளையல் எண்ணிக்கையில் வந்து நின்றது.

இனி இரண்டாவது எண்ணுக்கு வருகிறேன். நான் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் நிறுவனம் செய்யும் செயலி ஒன்றில் சின்னச் சின்னக் கடைக்காரர்கள் சரக்கு கேட்டு அனுப்புவார்கள். பல நாடுகளில் போகிறது. கிலோ, லிட்டர், பெட்டி, டஜன் என்று அளவுச் சொற்கள் ஒவ்வொரு மொழியிலும் திரையில் அந்தச் சின்னப் பொத்தானுக்குள் ஒழுங்காக உட்காருகின்றனவா என்று பார்ப்பது அந்த வாரம் என் பங்கு. கிலோவில் சுவாரஸ்யம் ஒன்றும் இல்லை. எல்லா ஊரிலும் கிலோ கிலோதான். டஜனுக்கு வந்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிரெஞ்சில் தூஸேன். ஸ்பானிஷில் தொசேனா. போர்த்துகீசில் தூசியா. ஜெர்மனில் டூட்சென்ட். ரஷ்யாவில் த்யூஜினா. துருக்கியில் தூஸினே. ஸ்வாஹிலியில் டஜேனி. ஜப்பானில் டாஸு. இந்தியில் தர்ஜன். இந்தோனேசியாவில் லூசின்.

அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்து இதை வாசித்துக் காட்டினேன்.

“எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரில்ல இருக்கு” என்றாள். “மூக்க மட்டும் மாத்தி மாத்தி ஒட்டிருக்காங்க.”

“ஒரே வீடுதான்க்கா. ரோம்.”

“அந்தக் கடைசிப் பிள்ளைய இன்னொரு தடவ சொல்லு.”

“லூசின்.”

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த அத்தை பயந்து போய் என்ன ஏது என்று கேட்டது எனக்குக் கேட்டது. அந்த வாரம் முழுக்க வயிற்றில் இருப்பதை லூசின் என்றே கூப்பிட்டாள். “லூசின் இன்னைக்கு ஒரே உதை”, “லூசினுக்குப் பரோட்டா வேணுமாம்” என்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

நான் விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தேடித் தேடிப் படித்தேன். லத்தீனில் துவோதெகிம். துவோ இரண்டு, தெகெம் பத்து. நாம் பத்தை முன்னால் வைத்துப் பன்னிரண்டு என்கிறோம், அவர்கள் இரண்டை முன்னால் வைத்தார்கள். பிரெஞ்சு வாயில் அது தேய்ந்து தூஸ் ஆகி, பின்னால் ஒரு வால் முளைத்துத் தூஸேன் ஆயிற்று. அந்த வாலுக்கு ‘ஒரு பன்னிரண்டு போல’ என்று பொருள். சரியாகப் பன்னிரண்டாகவும் இருக்கலாம், ஏறக்குறைய பன்னிரண்டாகவும் இருக்கலாம். அங்கிருந்து வியாபாரிகள் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜெர்மனிக்கு ஒரு வழியாக, துருக்கிக்கு இன்னொரு வழியாக. டச்சுக்காரர்கள் இந்தோனேசியாவில் இறக்கிவிட்டது அங்கே லூசின் ஆனது. இங்கிலீஷ்காரர்கள் கொண்டுவந்தது மதுரையில் டஜன் ஆகி, வாழைப்பழத்துக்கும் முட்டைக்கும் வளையலுக்கும் பொதுவாகிவிட்டது. ஏழு, எட்டு எல்லாம் அவரவர் வீட்டோடு இருந்துகொள்ள, இது ஒன்று மட்டும் ஊர் ஊராகப் போனதற்குக் காரணம் எனக்குத் தெரிந்தவரை வியாபாரம்தான். பன்னிரண்டை இரண்டு பேர் பிரிக்கலாம், மூன்று பேர் பிரிக்கலாம், நான்கு பேர், ஆறு பேர் என்று யார் வந்தாலும் மிச்சம் விழாது. கடைக்காரனுக்கு அதைவிட நல்ல எண் கிடையாது.

எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு அதைவிட மோசமான எண்ணும் கிடையாது. சீர்த்தட்டா, ஏழு, ஒன்பது, பதினொன்று. கலவை சாதமா, ஐந்து வகை, ஏழு வகை. இரண்டாகப் பிரிக்க வருகிற எதையும் நல்ல காரியத்தில் வைக்க மாட்டோம்.

மாசி வீதியை ஒட்டிய சந்தில் வளையல் வாங்கப் போனபோது இது எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருந்தது. கடையில் ஒரு நடுவயதுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, கைக்குப் பதினொண்ணு, பதிமூணுன்னு தருவீங்களா?”

“டஜன்தான்மா. பிரிச்சா மிச்சத்த நான் யாருக்குப் போடுறது? என் கைக்கா?”

“அப்ப ரெண்டு டஜன் குடுங்க. பச்சையும் சிவப்பும் கலந்து.”

கட்டி முடித்த பிறகு ஒரு பச்சை வளையலை மேலே சொருகினார். “இது கொசுறு. பஸ்ல ஒண்ணு உடைஞ்சா அண்ணன திட்டக் கூடாதுல்ல.”

இருபத்தைந்து. ஒற்றைப்படை. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். அன்று மாலைதான் அத்தையின் போன் வந்தது. மொத்தம் ஒற்றைப்படை என்றதும் எனக்குத் தெம்பு. அம்மா போனை வைத்துவிட்டு வளையலை எண்ணினார்.

“ஒரு கைக்கு பதிமூணு. சரி. இன்னொரு கைக்கு?”

“பன்னெண்டும்மா.”

“ரெட்டப்படையா? பிள்ளத்தாச்சி கைல? ரெண்டு கையும் ஒத்தப்படையா இருக்கணும். அதான் நம்ம வீட்டு முறை.”

“ரெண்டு கையும் ஒத்தப்படைன்னா மொத்தம் ரெட்டப்படை ஆயிரும்மா. அத்தை ஒத்துக்க மாட்டாங்க.”

“அப்ப ஒண்ணு குறை.”

“குறைச்சா ஒரு கை ரெட்டப்படை ஆயிரும்.”

“அப்ப ஒண்ணு கூட்டு.”

“கூட்டினாலும் அதேதாம்மா. பதினொண்ணும் பதினொண்ணும் இருவத்திரெண்டு. பதினொண்ணும் பதிமூணும் இருவத்தினாலு. எம்புட்டு போட்டாலும் ஒத்தையும் ஒத்தையும் சேர்ந்தா ரெட்டைதான்.”

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். “இம்புட்டு படிச்சிருக்கல்ல, ஒத்தையும் ஒத்தையும் ஒத்தையா வர்ற மாதிரி ஏதாச்சும் செய்யி. உன் அக்காவக் கூட்டிட்டு வரணுமா வேணாமா?”

நான் எவ்வளவு படித்திருந்தாலும் இதற்கு வழி இல்லை. அத்தைக்குப் போன் செய்து பேசலாம் என்றேன். பேசினால் அம்மா இறங்கிப் போனதாக ஆகிவிடுமாம். அக்காவிடம் சொன்னேன். “அத்தை விட மாட்டாங்கடி. காலைல இருந்து பக்கத்து வீட்டுல எல்லாம் முறையப் பத்தி வகுப்பு எடுத்துட்டு இருக்காங்க” என்றாள். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. “எனக்கு வீட்டுக்கு வரணும் போல இருக்குடி. எப்படியாச்சும் பாரு.”

வளைகாப்பு அன்று காலை வேனில் கிளம்பினோம். அம்மா மேலூருக்கு, “எங்க பக்கம் ஒரு டஜன் பேர் வாரோம்” என்று சொல்லியிருந்தார். வேனில் உட்கார இடமில்லாமல் சித்தப்பா பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இறங்கியதும் அத்தான் வாசலில் நின்று பார்த்துவிட்டு என் காதருகே வந்தார். “இதான் உங்க ஊர் டஜனா? சமையல்காரண்ணே மயங்கிருவாரு.”

“பிரெஞ்சு டஜன் அத்தான். ஏறக்குறைய பன்னெண்டு.”

அவருக்குப் புரியவில்லை, சிரித்துவைத்தார்.

அக்காவை நடுவீட்டில் மணையில் உட்கார வைத்திருந்தார்கள். பச்சைப் பட்டு, கழுத்து நிறைய பூ, கன்னத்தில் சந்தனம். வளையல் தட்டை ஏந்தி நிற்பது என் வேலை. ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அத்தை. இரண்டு பேரும் சிரித்த முகமாக இருந்தார்கள், இரண்டு பேரும் எண்ணத் தயாராக இருந்தார்கள்.

முதலில் காப்பு. வேப்பங்குச்சியை வளைத்து இலையோடு கட்டிய வளையத்தை அத்தை எடுத்து அக்காவின் வலது கையில் போட்டார். போட்டுவிட்டு, வாய்க்குள் மெதுவாக, “ஒண்ணு” என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் உதடு அசையவே இல்லை. எங்கள் வீட்டில் வேப்பங்காப்பு கண்ணேறு படாமல் இருக்கப் போடுவது, அதை வளையல் என்று யாரும் சொல்ல மாட்டோம். அடுத்து அத்தை கைக்கு ஒன்றாக இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் போட்டார். அம்மா அப்போதுதான் “ஒண்ணு” என்றார். அதே நேரத்தில் அத்தை “மூணு” என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மேலூரில் காப்பும் வளையல்தான்!

பெண்கள் ஒவ்வொருவராக வந்து சந்தனம் பூசி, வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று என்று போட்டுவிட்டுப் போனார்கள். நான் மனதுக்குள் இரண்டு கணக்கையும் ஓட்டினேன். அத்தையோடு சேர்த்துப் பதினோராவது ஆள் போட்டதும் அம்மா, “கைக்குப் பதினொண்ணு” என்று மூச்சு விட்டார். அத்தை “இருவத்தி மூணு” என்று நிமிர்ந்தார். இங்கேயே நிறுத்திவிட வேண்டும். தட்டில் இன்னும் மூன்று வளையல் இருந்தது. சின்னச் சித்தி கையை நீட்டினார்.

தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

“என்னடி, எனக்கு மட்டும் இல்லையா? கருப்பாயூரணில இருந்து வந்தவளுக்கெல்லாம் கொடுத்தே, சித்திக்குக் கிடையாதா?”

“சித்தி, நீங்க சந்தனம் நல்லாப் பூசுவீங்க. அக்காவே சொன்னா.”

“நான் எப்பச் சொன்னேன்?” என்று அக்கா வாயைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், “ஆமா, ஆமா, சொன்னேன். சித்தி, இங்க வாங்க, கைல பூசுங்க” என்று கையை நீட்டிவிட்டாள். சித்தி முணுமுணுத்துக்கொண்டே பூசினார். மிச்சமிருந்த மூன்று வளையலையும் அவர் கையிலேயே போட்டுவிட்டேன். அதில் கோபம் பாதி போயிற்று.

அத்தை அம்மாவின் பக்கம் திரும்பினார். “மதினி, எங்க முறைக்கே விட்டுக்குடுத்துட்டீக.”

“நீங்கதான் மதினி எங்க முறைக்கு விட்டுக்குடுத்தீக” என்றார் அம்மா.

“பெரிய மனசு உங்களுக்கு.”

“அய்ய, உங்களுக்குத்தான்.”

வங்கியில் வேலை பார்க்கும் அத்தான் இதைக் கேட்டுவிட்டார். “ஒரு நிமிஷம். பதினொண்ணும் பதினொண்ணும் இருவத்தி...” அக்கா அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்ததில் பேச்சு நின்றது. “ஏங்க, எனக்குத் தண்ணி வேணும்” என்றாள். அவர் தண்ணீர் எடுக்கப் போனார்.

சாப்பாடு முடிந்து வேன் கிளம்பும்போது அக்காவின் பெட்டியை அத்தையே தூக்கி வந்து வைத்தார். கண் கலங்கியிருந்தது. “அவ போயிட்டா நான் யாருகிட்ட வாயாடுறது?” என்று அம்மாவிடம் கேட்டேவிட்டார். இத்தனை நாள் சொல்லாதது அதுதான். “ஞாயித்துக்கிழமை வாங்க மதினி. இருந்து சாப்ட்டுட்டுப் போகலாம்” என்றார் அம்மா. ஒரு வாரமாக எனக்குத் தோன்றாத வழி அது.

வேனில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மறைத்து வைக்க அவளுக்கு மனமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது இருவரிடமும் போட்டு உடைத்துவிட்டாள்.

“காப்ப எண்ணாம எவளாச்சும் வளையல் எண்ணுவாளா?” என்றார் அத்தை.

“காப்பப் போயி எவளாச்சும் எண்ணுவாளா?” என்றார் அம்மா.

இன்றுவரை இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. அக்கா திருநகரில் எங்கள் வீட்டில் இருக்கிறாள். அத்தை ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வந்துவிட்டு மாலையில் திரும்புகிறார். போன வாரம் இரவு தங்கிவிட்டார். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.