அஞ்சலையக்கா ருசி பார்த்த லுமுட் கடைகள்

ஓசிச் சோற்றுக்கு ஆசைப்பட்டே எங்களில் பாதிப் பேர் வாடகை பஸ் ஓட்ட வந்தோம். ஒரு பஸ் ஜனத்தைக் கொண்டுபோய்க் கடை வாசலில் இறக்கினால் டிரைவருக்குச் சாப்பாடு இலவசம். இந்தத் தொழிலில் அடிபட்ட சகோதரர்களே, அந்தச் சோறு எத்தனை நாள் நமக்கு நிம்மதியாகத் தொண்டையில் இறங்கியிருக்கிறது? எழுபதுகளின் கடைசியில் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து கடற்கரை ஊரான லுமுட்டுக்கு ஆள் ஏற்றிப் போனவன் நான்.

கட்டுச்சோறு

தோட்டத்து ஜனங்கள் கடலைப் பார்க்க வருவார்களே தவிர, கடையில் உட்கார மாட்டார்கள். தெலுக் பாத்தேக் கடற்கரை மணலில் பாயை விரித்து, கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரித்துவிடுவார்கள். ஒருமுறை ஒரு அம்மா மட்டும் வெறுங்கையோடு இறங்கி, டிரைவர் டவுனில் எங்கே சாப்பிடுவீர்கள் என்று என்னைக் கேட்டார். பால் வெட்டுகிற அஞ்சலையக்கா. அவர் மகன் மணி, அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு தோட்டத்தை விட்டே போய்விட்டான். அவனை லுமுட்டில் பார்த்ததாக மீன் லாரிக்காரன் ஒருவன் சொல்லியிருக்கிறான்.

போலீசில் சொல்லலாமே என்றேன். அக்கா தலையை ஆட்டினார்.

"போலீசுன்னா ஓடிருவாண்ணே. சாப்பாட்டு நேரத்துல எங்கயாச்சும் ஒரு கடையில உக்காந்துதான ஆவணும்? பசி கொண்டாந்து நிறுத்தும்லா."

வாழையிலைக் கடை

எனக்குப் பழக்கமான கடைக்கே கூட்டிப் போனேன். அக்கா பசிக்குச் சாப்பிடவில்லை. சாம்பாரை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு இலையை மூடிவிட்டார். சமையல் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். எனக்கு உள்ளுக்குள் கோபம்தான், என் கடை அல்லவா.

"எனக்குப் பிடிச்சா என்ன, பிடிக்காட்டி என்ன? வெல்லம் போட்டிருக்கான். எம்புள்ள இந்தப் பக்கமே வரமாட்டான். அடுத்த தடவ வேற கடைக்குப் போலாம்ணே."

ஜெட்டி எதிரே காப்பிக் கடை

அதன் பிறகு எந்தத் தோட்டத்துப் பயணமானாலும் அக்கா ஒரு சீட்டுக்குச் சொல்லி வைத்துவிடுவார். பங்கோர் தீவுக்குப் படகு புறப்படும் ஜெட்டிக்கு எதிரே சீனர் ஒருவரின் காப்பிக் கடை. அங்கே சிப்பி போட்ட மீ, அதாவது நூடுல்ஸ், கிடைக்கும். ஒரு வாய் வைத்ததும் அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. இது அவனுக்குப் பிடிக்குமாம். வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தவர், மதியம் போய் மழை வந்தும் எழுந்திருக்கவில்லை. கடை முதலாளி தவுக்கே அவராகவே இன்னொரு காப்பி கொண்டுவந்து வைத்தார்.

பஸ்ஸில் மற்றவர்கள் புழுங்கிக்கொண்டிருந்தார்கள். பயணத்தை ஏற்பாடு செய்த கோயில் தலைவர் குடையோடு வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் மேலும் தப்பில்லை, பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன.

"நாங்க கடலப் பாக்க வந்தமா, இந்தம்மா காப்பி குடிக்கிறதப் பாக்க வந்தமா, டிரைவரே?"

வீட்டுச் சாம்பார்

இப்படியே ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினோம். சுட்ட மீன் விற்கும் மலாய்க்காரம்மாவின் கொட்டகை, ரொட்டிக் கடை, மார்க்கெட் மூலையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு. "இங்க வருவான்", "வரமாட்டான்" என்று அக்கா தீர்ப்புச் சொல்லச் சொல்ல, எனக்கும் அதே பைத்தியம் பிடித்தது. ஒருநாள் வீட்டில் சாம்பாரைத் தொட்டுவிட்டு, இனிப்பு என்று தட்டைத் தள்ளினேன். என் மனைவி கரண்டியோடு நின்றாள்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இதத்தான தின்னீங்க? இன்னிக்கு என்ன புதுசா?"

பாய் கடை

மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பாய் கடை. மேசைகள் அதிகமில்லை, ஈ அதிகம். அன்று சோற்றில் மீன் குழம்பை ஊற்றியதும் அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. குழம்பில் மரவள்ளிக் கிழங்குத் துண்டுகள் கிடந்தன. மீன் கொழிக்கிற ஊரில் குழம்புக்குக் கிழங்கு யார் போடுவார்கள்? வாங்கிய மீன் எல்லாருக்கும் காணாத வீட்டில்தான் போடுவார்கள். அக்கா ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். "இது என் குழம்பு," என்றார்.

சந்தோஷம் தாங்காமல் எழுந்துவிட்டேன். பாயைக் கூப்பிட்டு, யார் சொல்லிக் கொடுத்த சமையல் என்று கேட்டேன். "தோட்டத்துப் பையன், மணின்னு பேரு. நம்ம அடுப்படியிலதான் நின்னான். கிழங்கு போடுங்க பாய், அம்மா அப்படித்தான் வைக்கும்னு சொல்லுவான்," என்றார். இப்போது எங்கே என்றேன். நான் கேட்டிருக்கக் கூடாது. கூட இருப்பது யார் என்று பாய்க்குத் தெரியாது. ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் போய் மீன்பிடிப் படகில் வேலைக்குச் சேர்ந்தானாம். போன மழைக்காலத்தில் கடலுக்குப் போன அந்தப் படகு திரும்பவில்லையாம். சொல்லிக்கொண்டே வந்தவர் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அக்கா கத்தவில்லை. சோற்றைப் பிசைந்தார். இத்தனை பயணத்தில் அவர் ஒரு தட்டுச் சோற்றை முழுக்கச் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.  கை கழுவிவிட்டு வந்து பாயிடம் சொன்னார்:

"கெழங்கு இன்னும் கொஞ்சம் வேகணும் பாய். அவனுக்கு மசிஞ்சாத்தான் பிடிக்கும்."

லுமுட்டில் எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்று கேளுங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வேன். அத்தனையும் யாருக்குப் பிடிக்குமென்று தேடித் தேடிக் கண்டுபிடித்தோமோ, அவனை மட்டும் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.