வெள்ளியங்கிரியின் வருங்காலத் தலைவர்கள்

டெக்சாஸில் ரவுண்ட் ராக் ஊரில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் பிழைத்துவந்த வெள்ளியங்கிரிக்கு, நாற்பத்திரண்டு வயதுவரை வளரும் நாடுகளின் எதிர்காலம் பற்றி ஒரு கவலையும் இருந்ததில்லை. 1999 பொங்கலன்று அந்தக் கவலை வந்து சேர்ந்தது. அன்றுதான் தமிழ்ச் சங்க மேடையில் கிட்டுசாமிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

கிட்டுசாமி அவரோடு ஒன்றாகப் படித்தவர், ஆபீசில் பக்கத்து க்யூபிக்கிள்காரர். உடுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தார். பரீட்சை இல்லை, பிரம்பு இல்லை, தலைவர்களை உருவாக்குவது மட்டுமே வேலை. மேடையில் காட்டிய வீடியோவில் குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்து சிந்தித்தன. வாசல் வளைவில் கிட்டுசாமி பெயர் பளபளத்தது.

"நம்மளும் ஒண்ணு ஸ்டார்ட் பண்றோம்," என்றார் வெள்ளியங்கிரி, திரும்பும்போது காரில்.

"எதுக்குங்க?" என்றாள் மனைவி வசந்தாமணி.

"நாட்டுக்குத் தலைவருங்க வேணுமில்ல?"

"அடுத்த பொங்கலுக்குப் பொன்னாடை வேணும்னு சொல்லுங்க. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

ஜூனில் பொள்ளாச்சி அருகே, மச்சினன் மதன் பொறுப்பில் பள்ளி திறந்தது. கிட்டுசாமி பள்ளியில் வட்டம் என்றால் இங்கே நாடாளுமன்றம். குழந்தைகளே தீர்மானம் போட்டு, கைதூக்கி ஓட்டெடுத்து, பள்ளியை நடத்துவார்கள். வளைவில் வெள்ளியங்கிரி பெயர், கிட்டுசாமி பெயரைவிட ஒரு சாண் பெரிதாக.

அக்டோபரில் நாடாளுமன்றத்தின் முதல் தீர்மானம் தபாலில் வந்தது.

"மதிப்பிற்குரிய ஐயா, வளைவில் உங்கள் பெயர் எதற்கு என்று விவாதித்தோம். காரணம் கிடைக்கவில்லை. பெரும்பான்மை முடிவுப்படி வளைவைக் கழற்றி ஊஞ்சல் செய்துவிட்டோம். நன்றாக ஆடுகிறது."

வெள்ளியங்கிரி அதை ஒளித்துவைத்தார். வசந்தாமணி விருந்தாளிகள் முன் எடுத்துவந்து உரக்கப் படித்தாள்.

"வாவ்! இதுதான் லீடர்ஷிப்!" என்று துள்ளினாள் சங்கச் செயலாளர் ஸ்வர்ணா. "அங்கிள், வர்ற பொங்கலுக்குப் பொன்னாடை உங்களுக்குத்தான்!"

விருந்துக்கு வந்திருந்த கிட்டுசாமியின் முகம் சுண்டிப்போனது. அதைப் பார்த்த வெள்ளியங்கிரிக்கு ஒன்பது மாதத்துக்குப் பிறகு சாப்பாடு ருசித்தது. குழம்பு ஊற்றிக்கொள்ளச் சமையலறைக்குப் போனால், கிட்டுசாமி அங்கிருந்த போனில் இந்தியாவுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஹெட்மாஸ்டருங்களா? பசங்க தானா முன்வந்து எம்பேரை எடுக்கோணும். வெள்ளிக்கிழமைக்குள்ள!"

வெள்ளிக்கிழமையே உடுமலையில் பெயரை எடுத்துவிட்டார்கள். ஒரு குழந்தைகூட எதிர்க்கவில்லை. ஸ்வர்ணா போன் செய்தாள்: "சாரி அங்கிள். அவங்க ஸ்கூல்ல யுனானிமஸாம்!"

வெள்ளியங்கிரி போனில் மதனைப் பிடித்தார். "மாப்ள, மறுபடி ஓட்டெடுப்பு வெய்யி. ஏகமனதா வரோணும்."

மறுநாள் மதன் திரும்பக் கூப்பிட்டான். "கேட்டுப் பாத்துட்டனுங் மச்சான். வெளியாளு பேச்சக் கேட்டு முடிவ மாத்தறதில்லைன்னு இன்னொரு தீர்மானம் போட்டுட்டாங்க."

2000 பொங்கலிலும் பொன்னாடை கிட்டுசாமி தோளுக்கே போனது. வெள்ளியங்கிரி முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கும்படி கைதட்டினார். சத்தம் மட்டும் வராமல் பார்த்துக்கொண்டார்.