டோக்கன் அக்காவின் கேலி

தேர்வு நாட்களில் அறை வாசலில் உட்கார்ந்து, மாணவர்களின் போனை வாங்கி அணைத்து, தட்டில் அடுக்கி, எண் போட்ட டோக்கன் கொடுப்பதுதான் அவர் வேலை. பதினோரு வருடமாக இதே வாசல். கல்லூரிக்கே அவர் டோக்கன் அக்கா.

போனைக் கொடுக்கும்போது பிள்ளைகள் படும் பாடு அவருக்கு அத்துப்படி. முகம் வெளுக்கும், கொடுத்த பிறகும் பாக்கெட்டைத் தடவிப் பார்ப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால் வரிசை நகருமா? அக்கா கண்டுபிடித்த வைத்தியம் கேலி. “தம்பி, கொடுப்பா, உன் போன நான் என்ன கட்டிக்கவா போறேன்?” என்பார். பிள்ளை சிரித்துவிடும், உள்ளே போய்விடும். இதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வம்தான் வினையாகிப் போனது.

அன்று மணியடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. முதலாண்டுப் பெண் ஒருத்தி போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

“அக்கா, ஒரே ஒரு நிமிஷம். எங்க அண்ணன் பேசி அனுப்பினது இதுல இருக்கு. அத ஒரு தடவ கேட்டுட்டா எனக்குப் படபடப்பு அடங்கிடும்.”

கேட்கவிட்டிருக்கலாம். மணியடிக்கும்வரை எந்த விதியும் குறுக்கே நிற்காது. ஆனால் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள், அக்காவின் வாயும் சும்மா இருக்கவில்லை.

“ஏம்மா, பரீட்சை உனக்கா, உங்க அண்ணனுக்கா? போன் இல்லன்னா மூச்சு விடவும் மறந்துடுவியா?”

வரிசையே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வைத்தியம் பலித்த திருப்தியில் அக்கா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அரைமணி நேரத்தில் அவள் வெளியே வந்துவிட்டாள். உதடு காய்ந்திருந்தது, முடி நெற்றியில் வியர்வையோடு ஒட்டிக் கிடந்தது. பதிவு எண்ணைத் தவிர ஒரு வரிகூட எழுதவில்லையாம். அக்கா பதறிக்கொண்டு உள்ளே ஓடிக் கண்காணிப்பாளரிடம் கெஞ்சினார். விடைத்தாளைக் கொடுத்துவிட்டுப் போனவளை மறுபடி உட்கார வைக்க முடியாது என்று அவர் கையை விரித்துவிட்டார்.

திரும்பி வந்து, தட்டிலிருந்து அவள் போனை எடுத்துக் கொடுத்தார் அக்கா.

“நீ சிரிச்சியேம்மா. சரியாயிடுச்சுன்னுல்ல நெனச்சேன்.”

“எல்லாரும் சிரிச்சாங்கக்கா. நான் மட்டும் எப்படி சிரிக்காம நிக்கிறது?”

அவள் படியிறங்கிப் போனாள். இத்தனை வருடமாகத் தன்னிடம் சிரித்துவிட்டு உள்ளே போன பிள்ளைகளை அக்கா நினைத்துப் பார்த்தார். உள்ளே போய் என்ன எழுதினார்கள் என்று ஒருவரிடமும் அவர் கேட்டதில்லை.